பின்னால் உட்கார்ந்த பிரெஞ்சுத் துரை

ஊரில் ஆளுக்கொரு பேய் பிடிக்கும். எதிர்வீட்டு ஆதிலட்சுமியைப் பிடித்தது புளியமரத்துப் பேய். மளிகைக்கடைக்காரர் மருமகளைப் பிடித்தது கிணற்றுப் பேய். என்னைப் பிடித்தது பிரெஞ்சுக்காரப் பேய். பாகூர் கொம்யூனின் அத்தனை ஊர்களிலும் தேடினாலும் பூட்ஸ் போட்ட பேய் பிடித்த ஆள் நான் ஒருவன்தான். அதில் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இதை என் பெண்டாட்டியிடம் சொல்லிவிடாதீர்கள்.

என் பெயர் உலகநாதன். ஆறு காணி நஞ்சை, ஒரு கரும்புக் கொல்லை, ஒரு பெண்டாட்டி. நஞ்சையும் கரும்பும் என் சொல்லைக் கேட்கும்.

முப்பத்தேழாம் வருஷம் சித்திரையில் புதுச்சேரிப் பட்டணத்தில் ஓர் ஏலம் நடந்தது. சைகோனிலிருந்து வந்திருந்த பட்டாளத்துத் துரை ஒருவர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய மேஜை, நாற்காலி, கண்ணாடி அலமாரி, மோட்டார் சைக்கிள் எல்லாம் ஏலத்துக்கு வந்தன. நான் நாற்காலி வாங்கத்தான் போனேன். மோட்டார் சைக்கிளை வாங்கிவிட்டேன். இரண்டும் உட்காருகிற சாமான்தானே! ஒரு வாரம் பட்டணத்திலேயே தங்கி, மூன்று தடவை விழுந்து, ஓட்டக் கற்றுக்கொண்டு ஊருக்கு வந்தேன்.

விருத்தாம்பாள் வாசலில் நின்றாள். விருத்தாம்பாள்தான் என் பெண்டாட்டி.

"இன்னாங்க இது?"

"துரை வண்டி."

"துரை எங்க?"

"செத்துப் போயிட்டாரு."

"செத்தவன் செருப்பையே தொடமாட்டாங்க. நீங்க செத்தவன் வண்டிய வூட்டுக்குக் கொண்டாந்திருக்கீங்க!"

"செருப்பு வேற, வண்டி வேறடி. ஏலக்காரர் சொன்னாரு, துரை வாயில சுருட்டு இல்லாம இதுல ஏறவே மாட்டாராம். அப்பேர்ப்பட்ட ராஜ வண்டி."

அவள் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தாள். பின்னால் இருந்த இரண்டாவது இருக்கையை விரலால் தொட்டுவிட்டுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

வீட்டில் நான் பரம சாது. அங்கே என் குரல் ஏறாது, ஏற விடமாட்டாள். ஏறாத குரலெல்லாம் எங்கே போகும்? தொண்டையிலேயே தங்கியிருக்கும். வண்டியில் ஏறி ரோட்டுக்கு வந்ததும் மொத்தமாக வெளியே வரும். எங்கள் ரோடும் சாமானிய ரோடு இல்லை. வைக்கோல் வண்டி போகும், கரும்பு வண்டி போகும், கூடைக்காரிகள் வரிசையாகப் போவார்கள். வாத்துக்காரன் முந்நூறு வாத்தைக் குறுக்கே ஓட்டிக்கொண்டு போவான். முந்நூறு வாத்தையும் நான் தனித்தனியாகத் திட்டியிருக்கிறேன். என்னை ஒரு சைக்கிள்காரன் முந்தினால் போச்சு. அவனை விரட்டிப் பிடித்து முந்திய பிறகுதான், நான் எங்கே போகக் கிளம்பினேன் என்பதே ஞாபகத்துக்கு வரும். நான் வண்டி ஓட்டுவதைப் பார்த்துவிட்டு, எனக்குப் பேய் ஓட்டவேண்டும் என்றார்கள் ஊரார். அப்போது பேய் இன்னும் வந்து சேரவில்லை.

ஆனி மாதத்தில் ஒரு சந்தை நாள். வண்டிக்கார வீரப்பன் வைக்கோல் பாரத்தை ஏற்றி ரோட்டை அடைத்துக்கொண்டு போனான். ஆர்ன் அடித்தேன். நகரவில்லை. "வைக்கோலுக்குக் காது இல்லடா, உனக்குமா இல்ல?" என்று கத்திக்கொண்டே ஓரமாகப் பாய்ந்தேன். அந்த ஓரத்தில் முட்டைக்காரி சின்னபொண்ணு, தலையில் கூடையும் இடுப்பில் பெண் குழந்தையுமாக வந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்த பயத்தில் வாய்க்காலில் குதித்துவிட்டாள். முட்டை போயிற்று. குழந்தை அவள் கையிலிருந்து நழுவித் தண்ணீரில் முங்கியது. வீரப்பன்தான் குதித்துத் தூக்கினான். நல்லவேளை, பிழைத்துக்கொண்டது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "ரோட்டுல பாத்து நடக்கக் கூடாதா?" என்று சின்னபொண்ணைப் பார்த்தே கத்திவிட்டு வந்தேன்.  வெட்கத்தை மூடிக்கொள்ள வேறு போர்வை எனக்குக் கிடைக்கவில்லை.

நான் வீட்டுக்கு வருவதற்குள் சேதி வந்திருந்தது.

"அந்தப் புள்ள தண்ணி குடிச்சிட்டுதாமே?"

"பொழச்சிக்கிச்சி இல்ல?"

"இது பொழச்சிக்கிச்சி. அடுத்த புள்ள?"

நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.

"எனக்கு ரெண்டு பயம்ங்க. ஒன்னு, நீங்க யாரையாவது கொன்னுட்டு வந்து நிப்பீங்க. இன்னொன்னு, உங்கள அந்த வீரப்பன் வண்டியிலயே போட்டு எடுத்தாருவாங்க. வித்துடுங்க."

"விக்கிறதா? ஆம்பள ஏறின வண்டியில இருந்து எறங்கமாட்டான்டி."

"அப்ப மெதுவாப் போங்க."

"மெதுவாப் போறதுக்கு மாடு இருக்குது. மோட்டார் எதுக்கு?"

"சரிங்க," என்றாள்.

விருத்தாம்பாள் சண்டை போட்டால் பயமில்லை. "சரிங்க" என்றால்தான் பயப்படவேண்டும். கல்யாணமாகிப் பதினாறு வருஷமாகியும் அன்று எனக்கு அது உறைக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை கஞ்சியை என் முன்னால் வைத்துவிட்டு, அவள் போகாமல் நின்றாள். முகம் வெளிறியிருந்தது.

"வெடியக்காலம் ஒரு கெனா கண்டேங்க. மாட்டுக் கொட்டாயில உங்க வண்டி நிக்குது. அதுமேல ஒரு வெள்ளக்காரன் உக்காந்திருக்கான்."

"எங்க உக்காந்திருந்தான்?"

"முன்னாடி இல்லங்க. பின்னாடி. நீங்க வந்து ஏறுறதுக்காகக் காத்துகிட்டு இருக்கற மாதிரி."

கஞ்சியைத் தள்ளி வைத்தேன்.

"மூஞ்சி எப்பிடி இருந்திச்சி?"

"மூஞ்சியே இல்ல. மூஞ்சி இருக்கவேண்டிய எடத்துல சுருட்டு நெருப்பு மட்டும் தெரிஞ்சிது. மாடுங்க எல்லாம் எழுந்து சொவத்தோரமா நின்னுதுங்க. அவன் ஒரே வார்த்தைய திருப்பித் திருப்பிச் சொன்னான்."

"இன்னா வார்த்த?"

அவள் குரலைத் தணித்தாள். "தூஸ்மா... தூஸ்மா..."

எனக்குக் கையெல்லாம் மயிர்க்கூச்செடுத்தது.

"அதுக்கு இன்னாங்க அர்த்தம்?"

இங்கேதான் சறுக்கினேன். எனக்குப் பிரெஞ்சு அத்துப்படி என்று கல்யாணமான அன்றைக்கே அவளிடம் அளந்திருந்தேன். உண்மையில் எனக்குத் தெரிந்தது மூன்றே வார்த்தை. கும்பிடுவதற்கு ஒன்று, நன்றிக்கு ஒன்று, ஆமாம் போடுவதற்கு ஒன்று. தூஸ்மா அந்த மூன்றில் இல்லை. தெரியாது என்று சொல்ல நாக்கு வரவில்லை.

"வேகமாப் போன்னு அர்த்தம்," என்றேன். "நான் ஓட்டுற வேகம் துரைக்கே பத்தலயாம். பாத்தியா?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அன்று பட்டணத்துக்குக் கிளம்ப உச்சிப்பொழுது ஆகிவிட்டது. ஏரிக்கரை ரோட்டில் ஈ காக்கை இல்லை. சந்தை இல்லாத நாள், மேலே கொளுத்துகிற வெயில். பனைமரங்கள் தங்கள் நிழலைக் காலடியில் சுருட்டிக்கொண்டு நின்றன. ஏரித் தண்ணீர் அசையவில்லை. ஒரு கொக்கு நின்ற காலை மாற்றாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. இரவுப் பேயைப் பந்தம் காட்டி விரட்டலாம். உச்சிவேளைப் பேயை என்ன காட்டி விரட்டுவது?

வேகத்தைக் கூட்டினேன்.

முதலில் வாசனை வந்தது. சுருட்டு வாசனை. எங்கள் ஊர்ச் சுருட்டு இல்லை, பட்டணத்தில் துரைமார் குடிக்கிற சுருட்டு. முன்னால் ஆளில்லை, பக்கத்தில் ஆளில்லை. வாசனை மட்டும் என் சட்டைக் காலருக்குப் பின்னால் வந்து நின்றது.

அப்புறம் சத்தம் கேட்டது. பின்னால், என் முதுகோடு ஒட்டி, யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சு விடுகிற மாதிரி.

"தூ...ஸ்...ஸ்...ஸ்..."

நான் திரும்பவில்லை. உச்சிவேளையில் பின்னாலிருந்து வருகிற குரலுக்குத் திரும்பிப் பார்த்தவன் ரத்தம் கக்கிச் சாவான் என்பது எங்கள் பக்கத்தில் தாய்ப்பாலோடு ஊட்டுகிற பாடம். கழுத்தை மரமாக வைத்துக்கொண்டு ஓட்டினேன். பின் இருக்கையில் கனம் கூடிய மாதிரி இருந்தது.

துரை வேகமாகப் போகச் சொல்கிறார், போய்த் தொலைப்போம் என்று இன்னும் கூட்டினேன். முனகல் கதறலாயிற்று. "தூஸ்ஸ்மா! தூஸ்ஸ்மா!" சுருட்டு வாசனை மூக்கை அடைத்தது. "போறேன் துரை! போறேன் துரை!" என்று நானும் கதறிக்கொண்டு மேலும் கூட்டினேன். அது மேலும் கதறியது. நாங்கள் இருவருமாகக் கதறிக்கொண்டு போனதில் ரோடு வளைந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. வண்டி கரையிலிருந்து இறங்கி ஏரிச் சேற்றில் அச்சு வரை இறங்கி நின்றது. நான் அதைத் தாண்டிப் போய் அல்லிக்கொடிக்குள் விழுந்தேன்.

சத்தம் நின்றுவிட்டது. கொக்கு மட்டும் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தது.

சேறு காயாமலே நேராக மேரி ஆபீசுக்கு, அதாவது கொம்யூன் ஆபீசுக்கு, நடந்தேன். அங்கே குமாஸ்தா அரங்கநாதன் பிறப்பு இறப்பை எல்லாம் பிரெஞ்சில் எழுதுகிறவர். அவர் எழுதாமல் எங்கள் கொம்யூனில் யாரும் செத்ததாக ஆகாது.

"அரங்கநாதன், தூஸ்மான்னா இன்னா?"

"தூஸ்மா இல்லய்யா, தூஸ்மான். மெதுவான்னு அர்த்தம். பதறாம, நிதானமான்னும் சொல்லலாம். யாரு உன்கிட்ட சொன்னது?"

"ஒரு துரை."

"எந்தத் துரை?"

"செத்த துரை."

அரங்கநாதன் பேனாவைக் கீழே வைத்தார். என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். காலருகே சேறு ஒழுகிக்கொண்டிருந்தது.

"செத்தவன் எழுந்து வந்து மெதுவாப் போன்னு சொல்றான்னா, நீ எம்மாம் வேகமாப் போயிருப்பய்யா!"

அப்போதுதான் எனக்குக் குலை நடுங்கியது. அந்த ஆவி மெதுவா, மெதுவா என்று உயிரை விட்டு (விட்ட உயிரையும் இன்னொரு தடவை விட்டு) கெஞ்சியிருக்கிறது. நான் வேகத்தைக் கூட்டியிருக்கிறேன். ஏரியோடு விட்டது துரையின் பெருந்தன்மை.

அன்றிலிருந்து நான் வேறு மனிதன். ரோட்டில் கோபம் வந்தால் வேகம் வரும். வேகம் வந்தால் பின்னால் அது முனகும், சுருட்டு மணக்கும். ஆகவே கோபம் வரும்போதே "முருகா" என்று பல்லைக் கடித்து அதை விழுங்கினேன். மெதுவாகப் போனால் ஒரு சத்தம் இல்லை, ஒரு வாசனை இல்லை. துரை சந்தோஷமாக வருகிறார் என்று வைத்துக்கொண்டேன். வேகம் போய் விவேகம் வந்தது என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். வேகம் போய்ப் பயம் வந்தது. ரோட்டில் நடக்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஆவணிச் சந்தை நாளில் மறுபடியும் வீரப்பனுடைய வைக்கோல் வண்டி முன்னால் போனது. நான் ஆர்ன் அடிக்கவில்லை. இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டு ஒரு கல் தூரம் வரைக்கும் அவன் பின்னாலேயே போனேன். வீரப்பன் ஐந்தாறு தடவை திரும்பிப் பார்த்தான். கடைசியில் மாட்டை ஓரங்கட்டி இறங்கி வந்தான்.

"இன்னாண்ணே, ஒடம்பு சொகமில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"வண்டி கோளாறா?"

"இல்லப்பா. நீ போ, உன் மாடு மெரளாம மெதுவாப் போ."

வீரப்பன் முகம் மாறிவிட்டது. மடியிலிருந்து திருநீற்றை எடுத்து என் நெற்றியில் பட்டையாக இழுத்துவிட்டு, "மாரியாத்தா, அண்ணனக் காப்பாத்து" என்று கும்பிட்டான். இத்தனை நாள் நான் திட்டியபோது எனக்குப் பேய் பிடித்திருப்பதாகச் சொன்னவர்கள், நான் திட்டாதபோதும் அதையேதான் சொன்னார்கள்.

அதே ரோட்டில் சின்னபொண்ணு எதிரே வந்தாள். வண்டிச் சத்தம் கேட்டதுமே குழந்தையை இறுக்கிக்கொண்டு வாய்க்கால் ஓரத்துக்குப் போய்விட்டாள்.  இறங்கி மோட்டாரை அணைத்தேன்.

"நீ மொதல்ல போம்மா. நான் நிக்கிறேன்."

அவள் நம்பவில்லை. அசையாமல் நின்றாள்.

"அன்னைக்குத் தப்பு என்னுது. உன்னப் பாத்துக் கத்தினதும் தப்பு. புள்ள எப்பிடி இருக்குது?"

"நல்லா இருக்குதுங்க. மோட்டார் சத்தம் கேட்டா மட்டும் அழுவுதுங்க."

அவள் போகும் வரை நின்றேன். அந்தக் குழந்தை தாயின் தோளுக்கு மேலே என்னைப் பார்த்துக்கொண்டே போனது. அழவில்லை. வண்டியை மறுபடி கிளப்ப எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கண்ணில் ஏதோ தூசு.

இப்படி மூன்று மாதம் ஓடிற்று. புரட்டாசியில் ஆயுத பூஜை வந்தது. கலப்பை, அரிவாள், மண்வெட்டியோடு மோட்டார் சைக்கிளையும் கழுவிப் பொட்டு வைக்கவேண்டும். காலையில் வண்டியைச் சாய்த்துப் போட்டு, பின்சக்கரத்துக்கு மேலிருக்கிற மூடியின் உட்புறம் சேற்றைச் சுரண்டினேன். விரலில் ஏதோ கீறியது.

இழுத்தேன். பனையோலைக் கீற்று. நடுவில் வகிர்ந்து, பீப்பீ மாதிரி மடித்து, வாழைநாரால் கட்டியிருந்தது. வாயருகே வைத்து ஊதினேன்.

"தூஸ்ஸ்ஸ்..."

கீற்றை உற்றுப் பார்த்தேன். பச்சை ஓலை. வாரத்துக்கு ஒரு தடவை மாற்றியிருக்க வேண்டும். முடிச்சையும் பார்த்தேன். பதினாறு வருஷமாக அந்த முடிச்சில் கட்டிய பூவைத்தான் எங்கள் வீட்டுச் சாமி போட்டுக்கொள்கிறது.

எனக்குக் கோபம் வரவில்லை. சத்தியமாகச் சந்தோஷம்தான் வந்தது. பேய் இல்லை! வண்டியை நிமிர்த்தி நிறுத்தி, இருக்கைக்கு அடியில், சாமான் பெட்டியில், புகைக் குழாய்ப் பக்கம் எல்லாம் வெயில் ஏறும் வரை சுருட்டைத் தேடினேன். அது மட்டும் அகப்படவில்லை. பூஜைக்காக முன்கூட்டியே எடுத்திருப்பாள் என்று முடிவு கட்டினேன்.

விருத்தாம்பாள் சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். ஓலையை அவள் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"இது இன்னாடி?"

"ஓலை."

"வண்டிக்கு எதுக்கு ஓலை?"

"கூரைக்கு மட்டுந்தான் ஓலை கட்டணும்னு இருக்குதா?" என்றாள். பிறகு கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "நான்தாங்க கட்டினேன். வாயால சொன்னேன், கேட்டீங்களா? வேகமாப் போனா கத்தும், மெதுவாப் போனா சும்மா இருக்கும். மூணு மாசமா நீங்க வூடு வந்து சேர்ற வரைக்கும் நான் அடுப்பண்ட நிம்மதியா நின்னேன். அதுக்கு முன்னாடி ஒரு நாள் நின்னதில்ல."

நியாயம்தான். ஆனாலும் ஆண்பிள்ளை விட்டுக்கொடுக்கலாமா?

"அந்தப் பிரெஞ்சு வார்த்த உனக்கு எப்பிடித் தெரியும்?"

"எங்கப்பா இருவத்தஞ்சி வருஷம் வெள்ளக்காரத் தெருவுல குதிரை வண்டி ஓட்டினாரு. பின்னாடி ஏறின துரைங்க எல்லாரும் அந்த வார்த்தையத்தான் சொல்லுவாங்களாம்."

என் மாமனார் குதிரை வண்டி ஓட்டினார் என்பது எனக்குத் தெரியும். பின்னால் உட்கார்ந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

"அப்ப அர்த்தம் உனக்கு மொதல்லயே தெரியுமா?"

"தெரியும்."

"நான் வேகமாப் போன்னு அர்த்தம் சொன்னப்ப ஏன்டி சும்மா இருந்த?"

"புருஷன் தப்பா சொல்றாருன்னு எப்பிடிங்க வாய் விட்டு சொல்றது?"

ஓலையைக் கசக்கித் தூர எறிந்தேன். மார்பை நிமிர்த்தினேன். "ஆக, பேயும் கெடையாது, பிசாசும் கெடையாது. நாளைக்குப் பாரு. இந்த ரோட்டுல எவன் என்னை முந்துறான்னு பாக்கறேன். ஆமா, அந்தச் சுருட்ட எங்கடி ஒளிச்சி வெச்ச?"

"இன்னா சுருட்டு?"

"நடிக்காத. வேகமாப் போனா என் கழுத்துக்குப் பின்னாடி மணக்குமே, அந்தச் சுருட்டு."

விருத்தாம்பாள் அப்படியே நின்றாள். அவள் பார்வை என் தோளைத் தாண்டி, வண்டியின் பின் இருக்கைக்குப் போனது. அங்கேயே நின்றது.

"நான் வண்டியில கட்டினது ஓலை மட்டுந்தாங்க."

சட்டென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். தோள் இரண்டும் குலுங்கின. பாவம், என்ன இருந்தாலும் பொம்பிளை. பயந்துவிட்டாள்.

வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. கொட்டாயில் மாடுகள் அசை போடவில்லை. ஒரு மாடு சுவரோரமாக நகர்ந்து நின்றது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு உயிர்மேல் ஆசை உண்டு.

"விருத்தா," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "அப்ப பின்னாடி உக்காந்திருக்கறது யாருடி?"

"அவரையே கேளுங்க," என்றாள் சுவரைப் பார்த்தபடி. "உங்களுக்குத்தான் பிரெஞ்சு தெரியுமே."